ஈசான மூலையில் ஒரு குளியலறை

கம்பனிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பவளை விடாமல் பிடித்து, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சீமெந்துக் கலவை பற்றியும் கம்பி கட்டுவது பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பின்வளவில் நாங்கள் கட்டிய சின்ன அனெக்ஸின் கதையைச் சொல்கிறேன். ஓர் அறை, ஒரு குளியலறை, தேநீர் வைக்க ஒரு மூலை. கம்பனி கட்டியவற்றுள் ஆகச் சிறியது அதுதான். என்னை ஆக அதிகம் ஆட்டிவைத்ததும் அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கொட்டாஞ்சேனைக்காரி. நானும் கணவரும் சேர்ந்து இந்த ஒப்பந்தக் கம்பனியைத் தொடங்கினோம். அவர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார், நான் வேலைத்தளத்தில் வெயிலில் நின்றேன். இருவருக்கும் தலை ஒரே வேகத்தில்தான் நரைத்தது. வேலையாட்களுக்கு நான் எப்போதும் 'மிஸ்'. என் மகளுக்குக் கலியாணம் முடிந்த பிறகும் மிஸ்தான்.

சிவபாதம் அண்ணன் எங்களைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், எங்களிடம் முறையான பதிவு இருந்தது. அவருடைய ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இன்னொருவர் தெரிந்த ஆள் என்று யாரோ ஒருவரிடம் வேலையை ஒப்படைக்க, அந்த ஆள் கூரை போடாமலே மறைந்துவிட்டார். மழைக்காலம் முழுவதும் அந்த வீட்டின் நாலு சுவரும் நனைந்துகொண்டு நின்றன. அதைத் தினமும் பார்த்துப் பார்த்துச் சிவபாதம் அண்ணனுக்குப் பயம் பிடித்திருந்தது. கப்பலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எங்கள் பதிவுச் சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் கூட என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"லைசன்ஸ் சரி. இனி எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு, தங்கச்சி," என்றார்.

அதில் ஒரு பிழையும் இல்லை. பதிவுள்ளவரை வைத்துக் கட்டுவது என்றால் அதுதான் அர்த்தம். வேலை பிழையாகப் போனால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்திருக்கும். ஆனால் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எந்தச் சான்றிதழும் காட்டாது. அதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அங்கேதான் கதை தொடங்குகிறது.

அனெக்ஸ் அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்காவுக்காக. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, ஒன்றிரண்டு சொல் மிஞ்சியிருந்தது. அவர்கள் வீட்டில் படுக்கையறைகளும் குளியலறையும் மேல்மாடியில் இருந்தன. அக்காவைக் கீழே வரவேற்பறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். குளிக்க வார்ப்பது சமையலறைக்குப் பின்னால் ஒரு மறைப்புக் கட்டி. கணவர் ஒரு பக்கம் பிடிக்க, துணைக்கு வரும் பெண் மறுபக்கம் பிடிக்க, கல்கிசையிலிருந்து மகள் நிரோஜா வந்தால் மூன்றாம் கையும் சேரும். தன் வாழ்நாளில் வாசலுக்கு வந்த ஆளைக் கூட சேலைத்தலைப்பைச் சரிசெய்யாமல் பார்த்திராத மனுசி அவர். அந்த மறைப்புக்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம். நிரோஜா அதைச் சொல்லும்போது அழுதாள்.

"அவவுக்கு வேற ஒண்டும் வேண்டாம் தங்கச்சி," என்றார் சிவபாதம் அண்ணன். "பின்வளவில ஓர் அறை போடுவம் எண்டு நான் பேச்செடுத்த நாள் துவக்கம், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் 'குளி, குளி' எண்டு சொல்லுறா. சொல்லிப்போட்டுப் பின்வளவைக் கையால காட்டுறா. அங்க எனக்கொரு குளிக்கிற அறை கட்டித் தாங்கோ எண்டு கேக்கிறா. இதுகூடச் செய்யாட்டி நான் என்ன மனுசன்?"

முறைப்படி கேட்க வேண்டியதை நான் அன்றைக்கே கேட்டேன். பின்வளவில் பழைய கிணறு, மலசலகூடக் குழி ஏதாவது இருந்ததா?

"ஒண்டும் இல்லை. நான் மாப்பிள்ளையா இந்த வீட்டுக்கு வந்த நாள் துவக்கம் எனக்குத் தெரியும்."

அவர் வாயை மூடவில்லை, உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "குளி."

"பாத்தீங்களா? வாறன், வாறன்," என்று அவர் எழுந்து ஓடினார். துணைக்கு வரும் பெண் வாளியை எடுத்தாள். அன்றைக்கு அக்கா ஏற்கனவே குளித்தாகிவிட்டது என்று நிரோஜா பிறகு சொன்னாள். ஆனாலும் கேட்டால் வார்த்துவிடுவார்களாம். வார்க்கப் போனால் அக்கா கத்துவாராம், இடக்கையால் வாளியைத் தட்டிவிடுவாராம். வருத்தம் வந்தபிறகு குணமும் மாறிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

வரைபடம் தயாரானது. அக்கா கைகாட்டிய அதே மூலையில் குளியலறை. அகலமான கதவு, சுவரில் கைபிடிகள், இருந்து குளிக்க ஒரு மேடை. அந்த மூலை வடகிழக்கு. ஈசான மூலையில் குளியலறை வைக்கும் சைவ வீட்டை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் அதுவரை காணவில்லை. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கே அது உறுத்தியது. அவர்களுடைய ஐயர் நேராகவே சொல்லிப் பார்த்தார். அங்கே பூசையறை வைக்கலாம், கிணறு வைக்கலாம், இதை மட்டும் வைக்க வேண்டாம் என்றார். சிவபாதம் அண்ணன் அசையவில்லை.

"அவ கேட்ட இடம் அது. சாமிக்கு விளங்கும்," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. காலையில் திருநீறு பூசாமல் தேத்தண்ணீர் குடிக்காதவர், மனைவிக்காகச் சாத்திரத்தைத் தள்ளி வைக்கிறாரே என்று நினைத்தேன். வரைபடத்தை அக்காவின் மடியில் விரித்துக் காட்டினோம். அவர் அந்த மூலையை இடக்கையால் அடித்து அடித்து "குளி, குளி" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "சந்தோசத்தில அழுறா," என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் அங்கிருந்த எவருக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

கட்டிட அனுமதி கைக்கு வந்தபோது கார்த்திகை முடியப் போயிற்று. கொழும்பில் தமிழருக்கு வீடு கட்டுகிறவர்களுக்கு இது தனி வியாதி. எனக்கு மார்கழி என்றால் நத்தார், கேக், பாலன் குடில். என்னுடைய வாடிக்கையாளருக்கோ ஒரு காரியமும் தொடங்கக் கூடாத மாதம். மார்கழி பிறக்கமுன் அத்திவாரக் கல் வைத்தே ஆகவேண்டும் என்று நாலு பக்கமிருந்தும் நெருக்குவார்கள். நாங்கள் வழக்கமாக முதலில் நிலத்தைத் தோண்டிப் பார்ப்போம், பிறகுதான் கல். இந்த அவசரத்தில் கல் முதலாவதாகவும் தோண்டுவது இரண்டாவதாகவும் ஆகிவிடும். அன்றும் அப்படித்தான் ஆனது. மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல நாள்.

அந்தக் காலையில் பின்வளவில் பழைய சீமெந்து நிலத்தின் மேல் சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். ஐயர் கும்பம் வைத்து அமர்ந்திருந்தார். அவருக்கு எதிரே கதிரையில் சிவபாதம் அண்ணன் பட்டு வேட்டியுடன், பக்கத்தில் நிரோஜா. கல் வைப்பதற்கு மூலையில் சின்னக் குழி எடுக்க வேண்டும். எங்கள் சுனில் பாஸ் நிலத்தை உடைக்கும் இரும்பு அலவாங்கோடு தயாராக நின்றார். 'பாஸ்' என்றால் மேசன்மாரின் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். சுனில் பாஸ் சிங்களவர். எங்களோடு எத்தனையோ தளங்களில் நின்றவர், ஆனால் தமிழில் அவருக்கு "சாப்பாடு", "நாளைக்கு" இரண்டும்தான் ஒழுங்காக வரும்.

கடைசியாக அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சமையலறை வாசலைத் தாண்டியதும் அவர் நிலத்தைப் பார்த்தார், பந்தலுக்குக் கீழே இருந்தவர்களைப் பார்த்தார். இடக்கையால் நாற்காலியின் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தள்ளிய பெண்ணால் மேலே நகர்த்த முடியவில்லை.

"குளி," என்றார். பிறகு இன்னும் பலமாக, "குளி."

"விடியவே குளிச்சிட்டீங்கள்தானே அம்மா," என்றாள் நிரோஜா, எழும்பாமலே. "இப்ப சாமி காரியம். கொஞ்ச நேரம் பொறுங்கோ."

அக்கா மகளைப் பார்க்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. அலவாங்கைத் தூக்கிய சுனில் பாஸைப் பார்த்தார். கொழும்பில் வாழ்நாள் முழுக்க பாஸ்மாரோடும் கடைக்காரரோடும் சிங்களத்தில் பேசிப் பழகிய வாய் அது. அந்த வாயிலிருந்து வேறொரு சொல் வந்தது.

"வள."

"தன்ட வளவெண்டு சொல்லுறா," என்று சிவபாதம் அண்ணன் ஐயருக்கு விளக்கினார். "இது அவவின்ட சீதன வளவு."

ஆனால் சுனில் பாஸ் அலவாங்கை மெதுவாக இறக்கினார். "மிஸ்," என்றார் என்னைப் பார்த்து, "நோனா வளக் கியனவா."

சிங்களத்தில் 'வள' என்றால் குழி. அம்மா குழி என்று சொல்கிறார் என்கிறார் பாஸ்.

பிள்ளைகளே, எழுதும்போது குழிக்கு ஓர் எழுத்து, குளிக்கு ஓர் எழுத்து. எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சத்தம். இத்தனை மாதமும் அந்த மனுசி 'குழி, குழி' என்று கத்தியிருக்கிறார். அவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கு அக்கா அன்றைக்கே, உள்ளே படுத்தபடி, சரியான பதிலைச் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்த நிமிடத்தில் என் கையில் இருந்தது என்ன? பேச்சு இழந்த ஒருவரின் ஒரு சொல். மறுபக்கத்தில் வீட்டுக்காரரின் உறுதிமொழி, ஐயர், கும்பம், முடியப்போகும் நல்ல நேரம், விட்டால் தை வரை காத்திருக்க வேண்டிய வேலை. நான் நினைத்தது பிழை என்றால் அந்தக் குடும்பம் என்னை மன்னிக்காது. நான் நினைத்தது சரி என்றால், ஆறேழு பேர் ஓர் ஓட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எல்லாரும் எழும்பி இந்தப் பக்கம் வாங்க," என்றேன். "ஓடாதீங்க. ஒவ்வொருத்தரா மெதுவா வாங்க. ஐயா, முதல்ல நீங்க. கும்பம் இருக்கட்டும்."

"அன்ரி, நேரம் போகுது," என்றாள் நிரோஜா.

"போகட்டும் மகள். எழும்புங்க."

ஐயர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சிவபாதம் அண்ணன் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூளை பாதிச்ச மனுசி ஏதோ சொன்னதுக்கு நல்ல காரியத்தைக் குழப்புறீங்களோ? நான் இந்த வீட்டில நாற்பது வருசம் இருந்தவன்."

அக்காவுக்கு முன்னாலேயே அவர் அப்படிச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அவரை அதட்டினால் இன்னும் உறுதியாக உட்காருவார் என்பதும் தெரிந்தது. பயந்த மனிதரிடம் நாங்கள் கத்தக் கூடாது, கேட்க வேண்டும்.

"அண்ணன், மாநகரசபைக் கழிவுநீர்க் குழாய் இந்த ஒழுங்கைக்கு வந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், பிறகு பட்டு வேட்டியின் கரையைத் தடவினார். நான் காத்திருந்தேன்.

"கப்பலில," என்றார் கடைசியில்.

"வீட்டு வேலையெல்லாம் யார் பாத்தது?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, காலடியைப் பார்த்தபடி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். அந்த நாலைந்து அடி தூரத்தை அவர் கடந்து முடியும்வரை நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

சுனில் பாஸ் நீளப் பலகைகளைக் குறுக்கே போட்டு, ஓரத்தில் நின்று அலவாங்கின் அடியால் நிலத்தைத் தட்டிக்கொண்டு போனார். மந்தமான சத்தம், மந்தமான சத்தம், பிறகு வெறும் பானையைத் தட்டியது போன்ற சத்தம். அந்த இடத்தில் முனையை ஒரு தரம் போட்டார். சீமெந்து விரிந்து உள்ளே விழுந்தது. ஒரு கணம் கழித்துத்தான் கீழே அது தண்ணீரில் விழும் ஓசை கேட்டது. பழைய மலக்குழி. குழாய் இணைப்பு வந்ததும் நிரப்பாமல் மேலே மூடி போட்டுச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். கடற்காற்று உள்ளே கம்பிகளைத் தின்றுவிட்டிருந்தது. சிவபாதம் அண்ணனின் கதிரை இருந்த இடம் அதன் நடுப்பகுதி.

அண்ணன் மெதுவாகப் போய் மனைவிக்கு முன்னால் குந்தியிருந்தார். பட்டு வேட்டி சேற்றில் பட்டது.

"நீர் இந்தக் குழியையோ சொன்னனீர்?"

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "ஓம்," என்றார்.

அந்த ஒரு 'ஓம்' இல் எத்தனை மாதக் கோபம் இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"நான் உம்மைக் குளிக்க வாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்," என்றார் அவர். "மழை நாளிலயும் வாத்தனான்." அக்கா இடக்கையால் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல பலமான தட்டு. பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டார். நிரோஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நானும்தான்.

ஐயர்தான் எங்களைக் காப்பாற்றினார். "நேரம் இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றார். "கல்லை எங்க வைக்கிறது எண்டு அம்மாவையே கேளுங்கோ." அக்கா பின்வளவின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே தட்டிப் பார்த்தோம். திடமான நிலம். கல்லை அவருடைய இடக்கையாலேயே வைக்கச் செய்தார்கள். இடக்கை கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஐயரே சொல்லவில்லை.

குழியை முறைப்படி வெறுமையாக்கி நிரப்பியதை எல்லாம் நீங்கள் படித்திருக்கிறீர்கள், விட்டுவிடுகிறேன். நான் மார்கழி முழுவதும் செய்த வேலை வேறு. வரைபடத்தை எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிடுவேன், இல்லாவிட்டால் பதில்களெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். 'ஓம்' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடிய மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பேன். கட்டில் இங்கேயா? இல்லை. யன்னல் ஒழுங்கைப் பக்கமா? ஓம். குளியலறை வேண்டுமா? அந்தக் கேள்விக்கு அக்கா சிரித்துவிட்டார். ஓம், ஓம். அது மட்டும் உண்மையாகவே வேண்டும். ஈசான மூலையில் அல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில்.

அதோடு நிற்கவில்லை. வரைபடத்தில் குளியலறைக் கதவின் மேல் விரலை வைத்து, ஒரு பக்கமாக இழுத்து இழுத்துக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. அக்கா சலிக்காமல் திரும்பவும் இழுத்தார். தாழ்ப்பாள். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும்.

நிரோஜா ஒரேயடியாக மறுத்தாள். "உள்ளுக்க விழுந்தா என்ன செய்யிறது அன்ரி? கதவே வேண்டாம், திரை காணும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்பு வைத்திருப்பவர்கள் சொல்வதில் எப்போதும் கொஞ்சம் நியாயம் இருக்கும், அதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலையிடி. நான் புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி, உள்ளே பூட்டினாலும் வெளியே ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றைத் தேடி வாங்கினேன். கதவை வெளிப்பக்கமாகத் திறக்க வைத்தோம். நிரோஜா நாணயத்தைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். அக்காவும் உள்ளே இருந்து பூட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

கட்டி முடிந்து பால் காய்ச்சிய நாளில் என்னையும் சுனில் பாஸையும் அழைத்திருந்தார்கள். அக்கா அதற்குள் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தார். பால் அடுப்பில் இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். அக்கா எழுந்தார்.

"குளி," என்றார்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சுனில் பாஸ் தன் காலடி நிலத்தைப் பார்த்தார். வாளியைத் தேடி ஒருவரும் ஓடவில்லை.

"எந்தக் குளி?" என்று சிவபாதம் அண்ணன் பணிவாகக் கேட்டார்.

அக்கா ஊன்றுகோலை ஒவ்வோர் அடியாக வைத்துக் குளியலறைக்குள் போனார். உதவிக்குப் பின்னால் போன கணவரை இடக்கையால் தடுத்து, அவர் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது.

பால் பொங்கி வழிந்தது. நிரோஜா அடுப்பை அணைக்க ஓடினாள். சிவபாதம் அண்ணன் தோளில் துவாயோடு கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை.